முதலுதவி: விரைவும் வேண்டும், விவேகமும் வேண்டும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நம் மஹல்லாவில் ஒருவருக்கு ஆபத்து என்று குரல் எழுந்தால், ஓடிவந்து நிற்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இது நாம் பெருமைப்படத்தக்க பண்பாகும். ஆயினும், உதவ ஓடியவர் நலமாக வீடு திரும்ப வேண்டும். நம் கை பட்டதால் பாதிக்கப்பட்டவரின் நிலை மோசமாகிவிடவும் கூடாது. இவ்விரண்டையும் குறித்தே இன்று பேச விழைகிறோம்.

முதலாவது, உதவச் செல்பவரின் பாதுகாப்பு. கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரை மீட்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் மாண்ட செய்திகளை நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகுதியாக இருந்தால், சில மூச்சுகளிலேயே நினைவிழக்கச் செய்யும். நாற்றம் இல்லை என்பதால் வாயுவும் இல்லை என்று எண்ணலாகாது. அது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொள்வது காப்பாகாது. உள்ளே கிடப்பவர் உடன்பிறந்தவரே ஆயினும் இறங்காமல், தீயணைப்பு மீட்புப் பணித் துறையை 101 எண்ணில் உடனே அழைக்க வேண்டும்.

வீட்டில் மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தெருவில் அறுந்து கிடக்கும் மின்கம்பியின் அருகே எவரும் செல்லலாகாது. மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டிக்கும்வரை பிறரையும் தடுத்து நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, அழைப்பு. தமிழகத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் சேவை இயங்கி வருகிறது. கூடிநிற்போர் அனைவரும் "யாரோ அழைத்திருப்பார்கள்" என்று எண்ணிவிடுவதுண்டு. ஆகவே ஒருவரைச் சுட்டிக்காட்டி, "நீங்கள் அழையுங்கள்" என்று பொறுப்பளிக்க வேண்டும். இடத்தின் அடையாளம், பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை, அவர்களுக்கு நினைவும் மூச்சும் உள்ளனவா என்பதை அவர் தெளிவாகக் கூற வேண்டும்.

மூன்றாவது, செய்யத்தக்கதும் தகாததும். விபத்தில் அடிபட்டவரைக் கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணித்தால், கழுத்திலோ முதுகெலும்பிலோ உள்ள காயம் பெரிதாகக்கூடும். தீ போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில் அசைக்காதிருப்பதே நலம். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் காயத்தின் மேல் விடாது அழுத்த வேண்டும். கையுறை இல்லையேல் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். நினைவற்றவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்கவும் கூடாது. தலைக்கு மெத்தென்ற துணி வைத்து, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். தீப்புண்ணுக்குப் பற்பசையும் பேனா மையும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவதே சிறந்தது. பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கயிறு கட்டுவதும் தீங்கானவை. கடிபட்டவரை நடக்கவிடாமல், நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுசெல்ல வேண்டும்.

அழைத்தும் உணர்வின்றி, இயல்பான மூச்சுமின்றிக் கிடக்கும் பெரியவருக்கு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும். இதனைப் பயிற்சியாளரிடம் செய்துபார்த்தே கற்க வேண்டும்.

போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என அஞ்சி ஒதுங்குவோர் உண்டு. விபத்தில் உதவுவோரைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலிமை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் நல்லெண்ணத்தோடு உதவுவோருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயரைத் தெரிவிக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த இயலாது.

பெருமக்களே! தெருவுக்கு இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, முறையான முதலுதவிப் பயிற்சி பெறுவது நம் சக்திக்கு உட்பட்டதே. வரவு செலவுக் கணக்கோடு, பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையும் அடுத்த ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.