தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் பொறுக்கட்டும்

(பதுளை மாவட்டத் தோட்டக் கமிட்டிகளின் மாதர் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியராகவும் சங்க அமைப்பாளராகவும் பணியாற்றும் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, வீட்டுத்திட்டம் எல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் பேசிவிட்டார்கள். எனக்குத் தந்த தலைப்பு மரக்கறியும் பழமும். தலைப்பைச் சொன்னதும் சிலர் சிரித்தீர்கள். சங்கக் கூட்டத்தில் கீரையைப் பற்றி என்ன பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். இதுவும் சங்கத்தின் பேச்சுதான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள். வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பக்கங்களில் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் விளைகின்றன. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து லொறி லொறியாக வெளியூர்களுக்குப் போகின்றன. அதே மாவட்டத்தில்தான் பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, அப்புத்தளை, பூனாகலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே நம்முடைய லயங்களில் காலையில் என்ன? ரொட்டி, சம்பல், தேத்தண்ணி. பகலுக்கு? மிச்ச ரொட்டி, அல்லது சோறும் பருப்பும். மரக்கறி சம்பளம் போட்ட கிழமையில் தட்டில் இருக்கும். மாதக் கடைசியில் இருக்காது.

இதன் கணக்கு நம் பிள்ளைகளின் உடம்பில் தெரிகிறது. 2016இல் அரசாங்கம் நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 சதவீதம். தோட்டங்களில் 31.7 சதவீதம். அதாவது நம் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பிள்ளைக்குக் கிட்ட. மரக்கறி இல்லாதது மட்டும் இதற்குக் காரணமில்லை. பால், முட்டை, மீன் குறைவு. தாயின் உடம்பு பலவீனம். தண்ணீர் சுத்தமில்லை. அடிக்கடி வரும் வயிற்றோட்டம். ஆனால் தட்டும் ஒரு காரணம்.

நமக்கு வகுப்பு எடுக்க வருகிறவர்கள் பலர் ஒரு படத்தைக் காட்டி, ஐந்து நிறத்தில் மரக்கறி சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். நமக்குத் தெரியாமல்தான் சாப்பிடவில்லை என்பது அவர்கள் நினைப்பு. கரட் நல்லது என்று தெரியாத தாய் இந்தக் கூட்டத்தில் யாராவது இருக்கிறீர்களா?

1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு எத்தனை வருசம் போராடினோம் என்று உங்களுக்குத் தெரியும். 2021 மார்ச்சில் அது வந்தது. அந்த வருசமே இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். விளைச்சல் விழுந்தது. அடுத்த வருசம் நாடே வங்குரோத்து ஆனது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருசத்தில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபாய். போராடி வாங்கிய சம்பளத்தைச் சந்தை விழுங்கிவிட்டது. கையில் காசு குறைந்தால் வீட்டில் முதலில் எதைக் குறைக்கிறோம்? மாவைக் குறைக்க முடியாது, வயிறு நிறைய வேண்டும். மரக்கறியைத்தான் குறைக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், மரக்கறி சம்பளப் பிரச்சினை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கென்று வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியோடு சேர்த்து அரிசியைப் பற்றியும் பேசியது. தொழிலாளியின் வயிறு நிறைந்தால் போதும், கொழுந்து வரும் என்பதே கணக்கு. 1973, 74 பஞ்சத்தில் அந்த அரிசியும் இல்லை, மாவும் இல்லை. தோட்டங்களில் சனங்கள் பட்டினியால் செத்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் காட்டுக்கீரையையும் கிழங்கையும் தின்று பிழைத்தார்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, கீரை என்றால் இல்லாதவன் சாப்பாடு என்ற எண்ணம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. விருந்தாளி வந்தால் கீரைச் சட்டியை மூடி வைக்கிறோம். அந்த வெட்கம் நமக்கு வேண்டாம். பஞ்சத்தில் நம் சனத்தைக் காப்பாற்றிய கீரை அது.

இப்போது இரத்தச்சோகை பற்றிப் பேச வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறும்போது மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கை கால் ஓய்ந்து போகிறது என்கிறீர்கள். வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முப்பது வயதில் என்ன வயசு? கிளினிக்கில் இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம்.

கீரையிலும் பருப்பிலும் பயறிலும் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் இறைச்சி, மீனில் உள்ள இரும்பைப் போல அதை உடம்பு இலகுவில் எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இன்னும் மோசம். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். புளிப்புள்ள பழம் இதற்கு நேர் எதிர். தேசிக்காய், தோடம்பழம், கொய்யா, நெல்லி, தக்காளி, பப்பாசி இவற்றில் உள்ள விட்டமின் சி, கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

நாம் என்ன செய்கிறோம்? ஒரு கையில் ரொட்டி, மறு கையில் தேத்தண்ணி. கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் அதே தேத்தண்ணியில் விழுங்குகிறோம். தேத்தண்ணியை விடச் சொல்லி நான் சொல்லவில்லை. பதுளைக் குளிரில், அதுவும் நாமே பறித்த கொழுந்தில் வந்த தேத்தண்ணியை விடச் சொல்ல எனக்கு என்ன உரிமை? சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். அவ்வளவுதான். மாத்திரையைத் தண்ணீரில் போடுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

இனி ஒரு நாள் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு மரக்கறியும் பழமும் சேர்த்து 400 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிட்டத்தட்ட ஐந்து கைப்பிடி. நாளைக்கே ஐந்து வராது. இன்றைக்கு ஒன்று என்றால் நாளைக்கு இரண்டு ஆகட்டும்.

காலையில் நாலரைக்கு எழும்புகிற அம்மாவால் மூன்று கறி ஆக்க முடியாது. அதனால் ரொட்டிக்குள்ளேயே போடுங்கள். மாப் பிசையும்போது துருவிய கரட், நறுக்கிய முருங்கையிலை, வெங்காயம், தேங்காய்ப்பூ போட்டுத் தட்டினால் கறி தேவையில்லை. கையில் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகலாம். தேங்காய்ச் சம்பலுக்குப் பதில் வல்லாரைச் சம்பல் செய்யலாம். நன்றாகக் கழுவி, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து, கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் முடிந்தது. விறகு வேண்டாம், நேரமும் அதிகம் வேண்டாம். பொன்னாங்காணிக்கும் பருப்புக்கும் ஒரு பிடி நெத்தலி போடுங்கள். கருவாட்டில் உள்ள சத்தும் கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கும். தேசிப்புளியை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விடுங்கள். கொதிக்கவிட்டால் அதன் சத்து குறைந்துவிடும்.

குடிப்பதற்கு? விடியலில் ஒரு கோப்பை இலைக்கஞ்சி. அரிசியை வேகவைத்து, வல்லாரைச் சாறும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டால் போதும். மலைக்குக் கொண்டுபோகும் போத்தலில் கொதித்தாறிய தண்ணீரும் தேசிக்காயும் உப்பும் போடுங்கள். கொடித்தோடை காய்க்கும் காலத்தில் அதைக் கரைத்துக் குடியுங்கள். பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கித் தரும் கலர்ச் சோடாவில் சீனியும் நிறமும்தான் இருக்கின்றன. அந்தக் காசுக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கலாம். கொய்யாவை மலிவான பழம் என்று நினைக்காதீர்கள். தோடம்பழத்தைவிடப் பல மடங்கு விட்டமின் சி அதில் இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்கள் பழத்தைச் சாறாக்காமல், சீனி போடாமல், அளவாகக் கடித்துச் சாப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மலையில் கான் ஓரத்தில் வல்லாரை நன்றாக வளர்ந்திருக்கும். மடியில் பறித்துக்கொண்டு வருகிறோம். அங்கே புல்லுக்கு மருந்து அடித்திருந்தால் அது கீரையிலும் இருக்கும். கிளைபோசேட் மருந்தை 2015இல் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். எந்த மலையில் எப்போது மருந்து அடிக்கிறார்கள் என்பதைப் பெரட்டில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். சொல்லாதவரை அந்த இடத்துக் கீரையைத் தொடாதீர்கள்.

அண்ணன் தம்பிமாரே, இப்போது உங்களிடம். கீரை மலிவுதான். ஆனால் அதை ஆய்ந்து, கழுவி, அரிந்து எடுக்க நேரம் வேண்டும், தண்ணீர் வேண்டும். பகல் முழுவதும் கொழுந்து எடுத்தவளே இரவில் கீரையும் ஆய வேண்டுமென்றால், அவள் பருப்பை வைத்துவிட்டுப் படுக்கத்தான் பார்ப்பாள். யாரும் குறை சொல்ல முடியாது. கூட்டம் கூடிக் கதை பேசுகிற நேரத்தில் கீரைக்கட்டைக் கையில் எடுங்கள். கதையும் நடக்கும், கீரையும் ஆயும்.

இன்னொன்றும் நாமே செய்யலாம். ஒரு லயத்தில் பன்னிரண்டு குடும்பம் என்றால், ஆளாளுக்குத் தோட்டத்துக் கடையில் கால் கிலோ வாங்குவதை விட்டு, காசு சேர்த்து ஒருவரைக் கெப்பெட்டிபொலைக்கோ வாரச் சந்தைக்கோ அனுப்பி மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். கணக்கைக் கமிட்டி பார்க்கட்டும்.

இனி சங்கத்தின் கோரிக்கைகள். லயத்துக்கு முன்னால் உள்ள துண்டு நிலத்தில் நட்டால் பன்றியும் குரங்கும் முள்ளம்பன்றியும் மிச்சம் வைப்பதில்லை. அந்தத் துண்டும் நமக்குச் சொந்தமில்லை. எந்த நேரமும் எடுத்துக்கொள்வார்கள் என்றால் யார் மா மரமும் கொய்யா மரமும் வைப்பார்கள்? கீரை ஒரு மாதத்தில் வரும், பழமரம் வர வருசங்கள் வேண்டும். வருசக் கணக்கில் காத்திருக்க நிலத்தில் உரிமை வேண்டும். தனி வீட்டோடு தரும் நிலத்தில் வீடு போக மிச்சம் எவ்வளவு?

ஆகவே மூன்று விடயங்களை இந்தக் கூட்டத்தில் தீர்மானமாக எடுக்கும்படி கேட்கிறேன். முதலாவது, தேயிலை போடாமல் தரிசாகக் கிடக்கும் நிலத்தைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எழுத்து மூலம் மரக்கறிச் செய்கைக்குத் தர வேண்டும். இரண்டாவது, விவசாயப் போதனாசிரியர் கிராமத்துக்குப் போவதுபோல் லயத்துக்கும் வர வேண்டும், விதையும் கன்றும் நமக்கும் கிடைக்க வேண்டும். மூன்றாவது, பிள்ளைக்காம்பராவில் தினமும் ஒரு மரக்கறியும் ஒரு பழமும் கொடுக்க வேண்டும். இதற்குப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும்.

நிர்வாகமும் அரசாங்கமும் தரவேண்டியதை நாம் கேட்டு வாங்குவோம். அது கிடைக்கும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். நாளைக் காலையில் ரொட்டிக்குள் ஒரு பிடி கீரை, பக்கத்தில் ஒரு துண்டு தேசிக்காய் இருக்கட்டும். தேத்தண்ணி பத்து மணிக்கு வரட்டும். அடுத்த மாதம் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, எத்தனை வீட்டில் இதைச் செய்தோம் என்ற கணக்கோடு வாருங்கள்.