அடம் பிடிக்கும் பிள்ளையும் அடிக்கும் கையும்

(மஹல்லா பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. மதரஸாவில் ஓதி முடித்து ஸனது வாங்கிய புதிதில் ஒரு மஹல்லாவில் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தேன். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். அலிஃப் சொல்லிக் கொடுத்தால் திருப்பிச் சொல்ல மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பான், கத்துவான், ஓடுவான். திமிர் என்று முடிவு கட்டினேன். பிரம்பால் அடித்தேன். ஒரு நாளல்ல, பல நாள்! அவனுடைய பாட்டியார், "ஹஜ்ரத், பிள்ளைக்கு ஏதோ பார்வை பட்டிருக்கு, தண்ணி ஓதித் தாங்க" என்றார். ஓதியும் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் பிள்ளைக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது என்று! கேட்காத பிள்ளை எதைத் திருப்பிச் சொல்லும்? சுற்றி நடப்பது புரியாமல் தவித்தவனுக்கு நான் கொடுத்த மருந்து பிரம்படி. நாளை மறுமையில் அவன் என்னைப் பிடித்துக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

சகோதரர்களே! நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை ஓயாமல் தலையை முட்டிக் கொள்கிறது, மற்ற பிள்ளைகளோடு சேர மறுக்கிறது, பேச்சு வரவில்லை என்றால், ஒருவர் ஜின் என்கிறார். இன்னொருவர் தாயத்துக் கட்டச் சொல்கிறார். மாமியார், "வளர்ப்பு சரியில்லை" என்று மருமகளைச் சாடுகிறார். அத்தா வளைகுடாவில் இருந்து கொண்டு, "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்து விட்டாய்" என்று தொலைபேசியில் சத்தம் போடுகிறார். அந்தத் தாய் யாரிடம் போய் அழுவாள்?

தாயைக் குற்றம் சொல்வது நம்மிடம் மட்டும் இருந்த நோயல்ல. ஆட்டிசம் என்னும் நிலையை அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-ல் விரிவாக எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள், பாசமற்ற தாய்தான் இதற்குக் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர்களே கூறி வந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் நூல் எழுதி அதை மறுத்தார். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, தாயின் குற்றமல்ல என்பது இன்று உறுதியாகி விட்டது. அவர்கள் கைவிட்ட பழியை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அடம் என்று நாம் சொல்வதற்குப் பின்னால் எத்தனையோ இருக்கலாம். காது கேளாமை, சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நிற்கும் ஒருவகை வலிப்பு, மூக்கடைப்பால் கெட்ட தூக்கம், இரும்புச் சத்துக் குறைவு, ஆட்டிசம், அளவு கடந்த துறுதுறுப்பும் கவனக் குறைவும் சேர்ந்த நிலை என்று பல. வயதுக்குரிய சாதாரணப் பிடிவாதமாகவும் இருக்கலாம். எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நானோ நீங்களோ அல்ல!

தாய்மார்களே, கவனியுங்கள்! ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பவில்லை, 16 மாதமாகியும் ஒரு சொல் வரவில்லை, 24 மாதமாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொற்களும் மறைந்து போயின என்றால், "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

ஆட்டிசத்தைக் காட்டிக் கொடுக்கும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளையைக் கவனித்தும், தாய் சொல்வதைக் கேட்டும்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். ஆகவே எப்போது கத்தியது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். துறுதுறுப்பு நோயா என்று முடிவு செய்ய வீடு, பள்ளி என இரண்டு இடத்துச் செய்தியாவது வேண்டும். உஸ்தாதுமார்களே! பிரம்பைக் கீழே வைத்து விட்டு, நீங்கள் கண்டதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது பெரிய உதவி.

எங்கே போவது? குழந்தைகளின் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டத்தை மத்திய அரசு 2013-ல் தொடங்கியது. அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வருகிறது. அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்னும் மையம் எங்கே என்று கேளுங்கள். பதினெட்டு வயது வரை கட்டணமில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. ஆட்டிசமும் அதில் உண்டு. சான்றிதழ் வாங்குவது வெட்கமல்ல, நம் பிள்ளையின் உரிமை! முழுதாகக் குணப்படுத்தித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் மட்டும் ஏமாந்து விடாதீர்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை.

துஆ வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள்! மருத்துவமனைக்குப் போகும் வழியில் செய்யுங்கள். மருத்துவம் செய்வதை நம் மார்க்கம் தடுக்கவில்லையே!

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையையும் தாயையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல மஹல்லாவில் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். கத்துகிற பிள்ளையைப் பள்ளிவாசலை விட்டு விரட்டாதீர்கள். ஸஜ்தாவில் தம் முதுகில் ஏறிய பேரருக்காக ஸஜ்தாவையே நீட்டிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்!

எனக்குப் புத்தி வர இரண்டு வருடம் ஆயிற்று. அந்தச் சிறுவன் இழந்த இரண்டு வருடம் அது. உங்கள் பிள்ளைக்கு அப்படி ஆகிவிட வேண்டாம். இந்த வாரமே புறப்படுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நலம் தருவானாக!