மீளேற்றம்: சொல்லும் செயலும்



கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து மைக்கில் பேசியே காலம் கழித்தவனைத் தலைமையுரைக்கு அழைத்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவன் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இன்று என் பேச்சு.

முதலில் பெயர். ஓடுபாதை கண்ணில் படாதபோது இறங்குவதைக் கைவிட்டு மேலேறுவதை ‘மிஸ்டு அப்ரோச்’ என்கிறோம். சிலர் இதைத் ‘தவறிய அணுகுமுறை’ என்று தமிழாக்குகிறார்கள். நம் ஊரில் ‘தாத்தா தவறிட்டார்’ என்றால் என்ன பொருள்? உயிரைக் காக்கும் செயலுக்கு இந்தப் பெயரா? நான் ‘மீளேற்றம்’ என்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் விட்டுக்கொடுக்கத் தயார்.

மேகத்துக்குள் ஐ.எல்.எஸ். என்னும் கருவிவழித் தரையிறங்கு அமைப்பின் வழியே வருபவர், முதல் வகை அணுகலில், தரைக்கு மேல் 200 அடி வரை இறங்கலாம். அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியவில்லையென்றால் ஏறியே ஆக வேண்டும். அந்த உயரத்தில் வரைபடத்தை எடுத்துப் படிக்க நேரமில்லை. படிக்க வேண்டியதோ இரண்டு மூன்று வரிதான்: இத்தனை அடிவரை நேரே ஏறு, பிறகு இடப்புறம் திரும்பு, இன்ன வி.ஓ.ஆர். வழிகாட்டி நிலையம் நோக்கிப் போ, அங்கே வட்டமிட்டுக் காத்திரு.

வரிகள் சிறியவை, அவற்றுக்குப் பின்னால் உள்ள கணக்கு பெரியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறிப்படி, மீளேற்றச் சரிவு பொதுவாக 2.5 விழுக்காடு. ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 152 அடி. எல்லா எஞ்சினும் ஓடும்போது பயணிகள் விமானத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. வெயில் கொளுத்தும் நாளில், மலை சூழ்ந்த நிலையத்தில், ஒரு எஞ்சின் நின்றுபோனால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

அந்தக் கணக்கு, வரைபடத்தில் குறித்த மீளேற்றப் புள்ளியிலிருந்து, குறித்த உயரத்துக்குக் கீழே போகாமல் ஏறுபவருக்கே பொருந்தும். இங்கேதான் மாணவர்கள் இடறுகிறார்கள். இரண்டு மைல் முன்னதாகவே மனம் மாறினால் உடனே ஏறலாம். ஆனால் உடனே திரும்பக் கூடாது. மீளேற்றப் புள்ளியைக் கடந்த பிறகே வளைவு. வரைந்தவர் மலையை அளந்தது அந்த வளைவுக்காக, நீங்கள் அவசரப்பட்டுத் திரும்பும் இடத்துக்காக அல்ல. அதுபோலவே, 200 அடிக்கும் கீழே வந்துவிட்டுக் கைவிடுபவரை அதே கணக்கு காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2016 ஆகஸ்டு 3. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் 521. மேகத்துக்குள் நடந்தது அல்ல. காற்று திசைமாறி அலைக்கழித்த நண்பகல். சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட பிறகு மீண்டும் ஏற முயன்றார்கள். தரையைத் தொட்டுவிட்டால் அந்த போயிங் 777இல் மீளேற்றத்துக்கு அழுத்தும் ‘டோகா’ பொத்தான் எஞ்சின் விசையைக் கூட்டாது. அது அவர்களுக்கு உறைக்கவில்லை. அந்த நொடிகளில்தான் கோபுரம், நேரே போய் 4,000 அடிக்கு ஏறச் சொன்னது. விமானியறையிலிருந்து பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார்கள். விசை மட்டும் கூடவில்லை. சற்றே எழும்பிய விமானம் ஓடுபாதையிலேயே விழுந்தது. உள்ளிருந்த 300 பேரும் உயிர்பிழைத்தனர். தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். கோபுரத்தின் குரல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டிருந்தால் நானும் நிம்மதியாக அடுத்த விமானத்துக்குத் திரும்பியிருப்பேன்.

மொழியறிஞர்களுக்கு இன்னொன்று. 1980 ஏப்ரல் 25, டெனரிஃப் தீவு. மேகத்துக்குள் வந்த டான்-ஏர் 1008 விமானத்துக்கு, வரைபடத்தில் இல்லாத காத்திருப்பு வட்டம் ஒன்றைக் கட்டுப்பாட்டாளர் வாய்மொழியாகச் சொன்னார். வட்டத்தின் திருப்பங்கள் இடப்புறம் என்பது அவர் கருத்து. ‘டர்ன்ஸ்’ என்பதில் கடைசி எழுத்து விழுந்து ‘டர்ன்’ ஆனது. விமானிகளுக்கு அது ‘இப்போதே இடப்புறம் திரும்பு’ என்று கேட்டது. மலையில் மோதி 146 பேர் இறந்தார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வினையாகவும் பெயராகவும் நிற்கும். தமிழில் ‘திரும்பு’ வேறு, ‘திருப்பம்’ வேறு. இதற்காக நாம் மார்தட்ட வேண்டாம். நம்மிடம் ‘தவறு’ இருக்கிறது.

மீளேற்றத்தில் விமானியின் காதும் ஏமாற்றும். வேகம் கூடும்போது, விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறித் தூக்கியிருப்பதாக உட்காது சொல்லும்; இருட்டில் அதை நம்பி மூக்கை அழுத்தியவர்கள் உண்டு. கருவியை மட்டுமே நம்ப வேண்டிய அந்த நேரத்தில் புது உயரம், புதுத் திசை, புது அலைவரிசை என்று நாங்கள் வேறு அடுக்குகிறோம்.

ஆகவே முதல் அமர்வுக்கு ஒரு கேள்வி வைக்கிறேன். வெளியிடப்பட்ட வழியைக் கோபுரம் மாற்றுவதானால், எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும்? ஐ.எல்.எஸ். கதிரைப் பிடிக்கும் முன்பே என்பது என் கட்சி. முன்னால் ஒரு விமானம் அப்போதுதான் புறப்பட்டிருக்கும்போது அது எப்படி நடக்கும் என்று என் பழைய சகாக்கள் கேட்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.