பூண்டுக்கு ஏது போர்டு?

கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கடைக்குக் கடை 'ஹோம்மேட் சாக்லேட்' போர்டு. அது விளம்பரம். போகிறவரைக் கூப்பிடுகிற வேலை, அவ்வளவுதான்.

அங்கிருந்து பூம்பாறைக்குப் போங்கள். மலைப்பூண்டு வயல். அங்கே போர்டு கிடையாது. பிடுங்கின பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டு, புகை காட்டிப் பதப்படுத்துவார்கள், மாதக்கணக்கில் கெடாது. பிறகு மலையிறங்கி வடுகபட்டி சந்தை. விதைக்கா, சமையலுக்கா, மருந்துக்கா, யாருக்கு எந்தத் தரம், என்ன விலை, எப்போது விற்றால் கட்டும்? இத்தனையும் சேர்ந்தது சந்தைப்படுத்தல். அது முழுப்பூண்டு என்றால், விளம்பரம் அதில் ஒரு பல்.

2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் விற்கக்கூடாது என்பது சட்டம். பெயரைக் காப்பதும் சந்தைப்படுத்தலில் சேர்த்திதான்.

சட்டம் இருந்தென்ன! போன மாதம் ஒரு கடையில் 'மலைப்பூண்டு' என்ற அட்டையைப் பார்த்து அரைக் கிலோ வாங்கி வந்தேன். அம்மா ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்த்தார்.

"இது மலையே ஏறலையேப்பா!"