மீன் தொட்டித் தண்ணியும் மாடிக் கீரையும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்க மாடியில கீரை எப்படித் தளதளன்னு வருதுன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். அதோட நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்றேன். அதுதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

பேரனுக்காக வாங்கின 40 லிட்டர் மீன் தொட்டி எங்க வீட்டில் இருக்கு. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணி மாத்தணும். 10 லிட்டர். முன்னெல்லாம் அதைச் சாக்கடையில ஊத்திடுவேன். தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில வைக்கிற நமக்கு, 10 லிட்டர் சும்மா போறது வயிறு எரியற விஷயம்.

அந்த அழுக்குத் தண்ணியில என்ன இருக்கு? மீனோட கழிவும், தின்னாம விட்ட தீனியும். மீன் தன் செவுள் வழியா அம்மோனியாவை வெளியே விடும். அது சேர்ந்தா மீனுக்கே விஷம். தொட்டியில இருக்கிற நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாத்தும். அந்த நைட்ரேட் செடிக்குத் தழைச்சத்து. அதனாலதான் கீரைக்கு இது நல்லா பிடிக்குது. தக்காளி, மிளகாய்க்கு இது மட்டும் போதாது. காய் பிடிக்க மக்கின எருவும் போடணும்.

செய்முறை சுலபம். ஒரு டியூபைத் தொட்டி அடியில வெச்சு, கூழாங்கல்லுக்கு நடுவில தங்கின கசடோட பக்கெட்டில இறக்குங்க. பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவாதீங்க. அதில் இருக்கிற குளோரின் நல்ல நுண்ணுயிரைக் கொன்னுடும். இறக்கின தண்ணியிலேயே பிழிஞ்சு எடுங்க. அந்தக் கசடுதான் நல்ல சத்து. காலையில ஒரு பைக்கு ஒரு லிட்டர், வேரில் மட்டும் ஊத்துங்க. இலை மேல படக்கூடாது. அன்னன்னைக்கே ஊத்திடணும். மூடாம வெச்சா கொசு முட்டையிடும். கீரையைப் பறிச்சதும் நல்லா அலசி, வேக வெச்சுத்தான் சாப்பிடணும்.

இப்போ என் தப்பு. ஒருமுறை மீன் மேல வெள்ளைப் புள்ளி வந்தது. கடைக்காரர் சொன்னபடி கல் உப்பும், கலர் மருந்தும் போட்டேன். மீன் பிழைச்சது. அந்தத் தண்ணியை வழக்கம்போல கீரைக்கு ஊத்தினேன். இரண்டு வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகி, பை முழுக்கப் போச்சு. உப்பு மண்ணுல தங்கிடுச்சு. கருகினதே நல்லதுன்னு இப்போ நினைக்கிறேன். கருகாம இருந்திருந்தா மருந்து கலந்த கீரையைப் பேரனுக்கே கடைஞ்சு போட்டிருப்பேன். மீன் மருந்தில் மலக்கைட் கிரீன்னு ஒண்ணு உண்டு. சாப்பிடற மீனுக்கு அதைப் போடக் கூடாதுன்னு பல நாடுகளில் தடையே இருக்கு.

அதனால ஊத்தறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. உப்பு போட்டோமா? மருந்து போட்டோமா? தொட்டியில ஊத்தினது எந்தத் தண்ணி? கடலோரத்தில் நம்ம போர் தண்ணி பல இடத்தில் உவர்ப்பு. அதைத் தொட்டியில ஊத்தி, திரும்பச் செடிக்கு ஊத்தினா, பை விளிம்பில் வெள்ளையா உப்புப் பூக்கும். அதைப் பார்த்தா உடனே நிறுத்திடுங்க.

இன்னொண்ணு. போன கோடையில ஒரு தங்கச்சி, "அக்கா, எண்ணூர் கழிமுகத்துச் சேறும் மீன் வாழ்ந்த சேறுதானே, அள்ளிட்டு வந்து போடலாமா?"ன்னு கேட்டாள். அவள் கேட்டதில தப்பில்லை. ஏரி வண்டலை வண்டியில ஏத்தி வயலில் கொட்டினவங்கதான் நம்ம முன்னோர். ஆனா அது சுத்தமான ஏரி. நம்ம கழிமுகத்தில் பல வருஷமா அனல் மின் நிலையத்துச் சாம்பல் கலந்திருக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து, படகும் வலையும் கறுப்பானதை நாமே பார்த்தோம். அந்தச் சேறு வாசல் செடிக்குக்கூட வேண்டாம். சாம்பலில் இருக்கிற உலோகம் கழுவினாலும் போகாது, வேக வெச்சாலும் போகாது. மீனும் நண்டும் கொடுத்த ஆத்தைப் பார்த்து இப்படிச் சொல்ல வேண்டியிருக்கே, அது எனக்கு வலிக்குது.

கடைசியா ஒரு கோரிக்கை. நம்ம குழுக்களில் சில பேர் வீட்டில் வண்ண மீன் இருக்கு. சில பேர் மாடியில் தோட்டத் துறை கொடுத்த பையும் விதையும் இருக்கு. பக்கத்துக் கொளத்தூரில் வண்ண மீன் வளர்க்கிறதே பெரிய தொழில். அங்கே நம்ம உறவுக்காரங்களும் இருப்பாங்க. அடுத்த மாதக் கூட்டத்தில், யார் வீட்டில் மீன், யார் வீட்டில் செடின்னு தீர்மான நோட்டில் ஒரு பக்கம் எழுதுவோம். இருக்கிறவங்க இல்லாதவங்களுக்கு ஒரு பக்கெட் கொடுக்கட்டும். வாங்கறவங்க அந்த மூணு கேள்வியையும் கூச்சப்படாம கேட்கட்டும்.

இதில் பெரிய லாபம் வரும்னு நான் சொல்லலை. வாரத்துக்கு இரண்டு நாள், எந்தத் தண்ணியில வளர்ந்ததுன்னு நமக்கே தெரிஞ்ச கீரை நம்ம பிள்ளைங்க தட்டில் இருக்கும். எனக்கு அது போதும்.