கப்பி மீன்களின் செட்டைக் காயங்களும் பரிகாரமும்
(கொடகவெலப் பகுதிக் கமக்காரர்களுக்கான உரை)



நெல்லும் மரக்கறியும் பயிரிடும் உங்களிடம் இன்று மீனைப் பற்றிப் பேசுகின்றேன். வயலில் வேலை ஓய்ந்திருக்கும் நாட்களிலும் வளவில் உள்ள இரண்டு சீமெந்துத் தொட்டிகள் வருமானம் தரக்கூடும். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களுள் கப்பி முதன்மையானவற்றுள் ஒன்று. தென் அமெரிக்காவின் வடபகுதியும் திரினிடாட் தீவும் இதன் தாயகமாகும்.

ஆண் கப்பியின் மதிப்பு அதன் வாற்செட்டையிலேயே தங்கியுள்ளது. வால் கிழிந்த மீனைக் கொள்வனவு செய்வோர் ஒதுக்கிவிடுவர். பல வாரம் தீனியிட்டு வளர்த்த பயன் ஒரு கிழிசலால் வீணாகிவிடும். ஆகவே காயத்தின் காரணத்தை முதலில் அறிதல் அவசியம்.

காயங்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் உண்டாகின்றன. தொட்டியில் நெருக்கம் மிகுந்தால் மீன்கள் ஒன்றையொன்று கொத்தும். கரடுமுரடான சீமெந்துச் சுவரிலும் கூரிய கல்லிலும் உராய்ந்து செட்டை கிழியும். முரட்டு நூல் வலையால் பிடிக்கும்போதும் கிழியும். திறந்த தொட்டிகளில் தும்பியின் இளம்பருவப் பூச்சிகள் மீனைப் பிடித்துக் கடிக்கும்.

கிழிசல் வேறு, அழுகல் வேறு என்பதை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். வெறுங் கிழிசலின் ஓரம் தெளிவாக இருக்கும். மீன் வழமைபோல் தீனி உண்ணும். அழுகலில் செட்டையின் ஓரம் வெளுத்தோ சிவந்தோ காணப்படும். செட்டை நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வரும். அழுக்கு நீரில் வாழும் பற்றீரியாக்கள் புண்ணில் பற்றுவதே இதற்குக் காரணம். அழுகல் செட்டையின் அடிப்பகுதியை எட்டிவிட்டால் அது மீண்டும் முழுமையாக வளர்வது அரிது.

வெறுங் கிழிசலுக்குச் சுத்தமான நீரே சிறந்த மருந்து. காயமுற்ற மீனை வேறு பாத்திரத்திற்கு மாற்றி, நாள்தோறும் நீரில் காற்பங்கை அகற்றிப் புதுநீர் சேருங்கள். குழாய் நீராயின், அதிலுள்ள குளோரீன் நீங்குமாறு ஒரு நாளேனும் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பின்னர் ஊற்றுங்கள். தீனியைக் குறைத்து, எஞ்சியதை உடனே அகற்றுங்கள். இவ்வாறு பராமரித்தால் சில வாரங்களில் செட்டை வளர்ந்துவிடும்.

அழுகலின் தொடக்கம் தென்படின் கல்லுப்பைப் பயன்படுத்தலாம். இருபது லீற்றர் நீருக்கு முதல் நாள் 20 கிராமும் மறுநாள் 20 கிராமும் தனியே கரைத்து மெதுவாகச் சேருங்கள். பின்னர் ஐந்து லீற்றர் நீரை மாற்றும்போது அப்புதுநீருக்குரிய 10 கிராம் உப்பை மட்டுமே இடவேண்டும். முழு அளவையும் மீண்டும் இடுதல் தவறு. ஒரு வாரத்தில் குணம் காணாவிடின் மீன்வளர்ப்பு உத்தியோகத்தரை நாடுங்கள். மனிதருக்குரிய மாத்திரைகளைப் பொடித்து இடுவதும், பயிருக்குரிய செம்பு கலந்த பூஞ்சணக் கொல்லிகளைத் தொட்டியில் தெளிப்பதும் கூடவே கூடாது.

மரக்கறிச் செய்கையாளர் மூன்று விஷயங்களைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். முதலாவது, பீடைநாசினி தெளிக்கும் நாளில் தொட்டிகளை மூடிவையுங்கள். தெளிகருவியைத் தொட்டியருகே கழுவ வேண்டாம். மருந்தடித்த வயலின் வாய்க்கால் நீரைத் தொட்டிக்குப் பாய்ச்சவும் வேண்டாம். பூச்சிக்கு இடும் மிகச் சிறிதளவு நஞ்சே மீனைக் கொன்றுவிடும். இரண்டாவது, தொட்டியிலிருந்து அகற்றும் சாதாரண நீர் பாத்திகளுக்கு நல்ல பசளை. ஆனால் உப்பிட்ட நீரைப் போஞ்சிக்கும் மிளகாய்க்கும் ஊற்றினால் பயிர் கெடும். மூன்றாவது, வேண்டாத மீன்களை ஓடையில் விடாதீர்கள். சப்ரகமுவ ஓடைகளில் இந்நாட்டிற்கே உரிய மீனினங்கள் பல வாழ்கின்றன. அந்நிய மீன் அவற்றின் இரையையும் இடத்தையும் பறிக்கக்கூடும்.

வருமுன் காத்தலே இலாபம். புதிய தொட்டியின் சுவரை வழவழப்பாகப் பூசி, பல நாட்கள் நீர் நிரப்பி மாற்றிச் சுண்ணாம்புக் காரம் நீங்கிய பின்னரே மீனை விடுங்கள். மேலே வலை கட்டுங்கள். மீன் பிடிக்க மென்மையான வலையையே கையாளுங்கள். சந்தைக்குரிய ஆண் மீன்களை நெருக்கமின்றித் தனியே வளருங்கள். காலையில் தீனியிடும்போது ஒவ்வொரு தொட்டியையும் சற்று நின்று பாருங்கள். நாற்றுமேடையில் நோயைத் தேடும் அதே கண் இங்கும் பயன்படும்.

1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை இத்தொழிலுக்கு ஆலோசனை வழங்குகின்றது. அதன் நிலையம் ஒன்று உங்களுக்கு அண்மையில் உடவளவையில் இருக்கின்றது. தொட்டி கட்டுவதற்கு முன்னரே அங்கு சென்று விசாரியுங்கள். வால் கிழிந்த பின் செலவிடும் பணத்தினும், கிழியாமல் காக்கச் செலவிடும் கவனம் மலிவானது.