படுக்க ஓர் இடம்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இரண்டு சீடர்கள் இயேசுவின் பின்னால் நடக்கிறார்கள். ஆண்டவர் திரும்பிப் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்களில் ஒருவர் அந்திரேயா. நாமாக இருந்தால் அந்த இடத்தில் என்ன கேட்டிருப்போம்? மெசியா நீர்தானா என்று கேட்டிருப்போம். நிலைவாழ்வுக்கு வழி என்ன என்று கேட்டிருப்போம். அவர்கள் கேட்டது வேறு. நீர் எங்கே தங்குகிறீர் என்று கேட்டார்கள். ஆண்டவரும் விளக்கம் எதுவும் சொல்லாமல் வந்து பார்க்கும்படி அழைத்தார். போனார்கள், பார்த்தார்கள், அன்று அவரோடு தங்கினார்கள். அப்போது மாலை நான்கு மணி என்று நேரத்தைக்கூட நற்செய்தியாளர் மறக்காமல் குறித்து வைக்கிறார்.

ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள அவர் தங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். திருப்பூரில் வாழும் நாம் தினமும் நூற்றுக்கணக்கான வெளி மாநிலத் தம்பிகளைப் பார்க்கிறோம். எந்த ஊர், எந்தக் கம்பெனி, பீஸ் ரேட்டா ஷிப்ட் சம்பளமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். எங்கே படுக்கிறாய் என்று கேட்பதில்லை. அதைக் கேட்டால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற தயக்கமோ என்னவோ.

ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற ஒராவோன், முண்டா, காரியா பழங்குடிப் பிள்ளைகளில் பலர் கத்தோலிக்கர். ஞாயிறு திருப்பலியில் கோயிலின் கடைசித் தூண் ஓரமாகக் கைகட்டி நிற்கிறார்கள். மொழி புரியாவிட்டாலும் எங்கே முழந்தாளிட வேண்டும், எங்கே எழ வேண்டும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிகிறது. வீடு மந்திரிக்கும் நாட்களில் நாங்கள் லைன் வீடுகளுக்குள் போனபோதுதான் இவர்களின் அறைகளைப் பார்க்க முடிந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே சிமெண்ட் ஷீட். உள்ளே எட்டுப் பேர். ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, அதற்கு இரண்டடி தள்ளிப் பாய். கயிற்றில் ஈரத்துணி. கதவு ஒன்றுதான். ஜன்னல் என்று சொல்லத்தக்கது கதவுக்கு மேலே ஒரு துவாரம். பகல் ஷிப்ட் முடிந்து ஒருவர் வரும்போது இரவு ஷிப்டுக்குப் போகிறவர் பாயை விட்டு எழுகிறார். பாய் ஆறுவதே இல்லை. ஐந்து அறைக்கு ஒரு கழிப்பறை. வாடகை ஆள் கணக்கில் என்பதால் ஆள் கூடினால் வீட்டுக்காரருக்கு நஷ்டமில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 சதுர அடியை எட்டால் வகுத்தால் ஆளுக்கு 15 சதுர அடி. மூன்றடி அகலம், ஐந்தடி நீளம். வளர்ந்த மனிதர் கால் நீட்ட முடியாத இடம் அது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. நிறுவனமும் ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2009-இல் தொழிலாளர் தங்குமிடத்துக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதன்படி ஒருவருக்குக் குறைந்தது 4 சதுர மீட்டர், அதாவது சுமார் 43 சதுர அடி வேண்டும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். மூன்றடுக்குக் கட்டில் அறவே கூடாது. இந்தக் கணக்கில் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறை மூன்று பேருக்கே சற்று இறுக்கமானது.

இதைக் கேட்டதும், ஃபாதர், இதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு, இங்கே இடம் விற்கிற விலையில் நடக்குமா என்பார்கள். நியாயமான கேள்வி. வாடகையை நம்பியே வயிற்றைக் கழுவும் கைம்பெண் தாய்மார் நம் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள். ஆகவே மலிவு, சிக்கனம் என்ற இரண்டையும் விட்டுவிட்டு நாம் பேசப்போவதில்லை. எதில் சிக்கனம் பிடிப்பது என்பதைத்தான் பேச வேண்டும்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்காக ஓர் ஒழுங்கு எழுதினார். குருமடத்தில் அதைப் படித்தபோது செபத்தைப் பற்றிய பகுதிகளில்தான் எங்கள் கவனம் இருந்தது. அதன் 22-ஆம் அதிகாரம் தூக்கத்தைப் பற்றியது. இயன்றால் எல்லாரும் ஒரே கூடத்தில் தூங்கட்டும், ஆள் அதிகமானால் பத்துப் பேராகவோ இருபது பேராகவோ பிரித்து வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கை இருக்க வேண்டும், விடியும்வரை ஒரு விளக்கு எரிய வேண்டும் என்பது அதன் சாரம். சொந்தமாக எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அத்தனை கண்டிப்பாகச் சொன்ன அதே பெனடிக்ட், படுக்கையை மட்டும் ஆளுக்கொன்று என்கிறார். உணவறை பொது, சமையல் பொது, தோட்டம் பொது.

குறைந்த செலவில் கூட்டாகத் தங்குவதற்கான வழியே இதுதான். நாளில் சிறிது நேரமே தேவைப்படுகிறவற்றைப் பொதுவாக்கலாம்: அடுப்பு, சாப்பாட்டு மேசை, துவைக்கும் கல், மொட்டை மாடி. படுக்கை, பூட்டுப் போட ஒரு பெட்டி, சுவாசிக்கக் காற்று ஆகிய மூன்றிலும் கை வைக்கக் கூடாது. நம் லைன் வீடுகளில் நடப்பது தலைகீழ். அறைக்கு அறை ஒரு சமையல் மேடை கட்டி இடத்தை அடைத்துவிட்டு, பாயைப் பங்கு போட வைக்கிறோம்.

இருபதுக்குப் பதினான்கு அடியில் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 280 சதுர அடி. மூன்று ஈரடுக்குக் கட்டில் போட்டால் ஆறு பேர். ஆளுக்கு 46 சதுர அடிக்கு மேல் வருகிறது. ஈரடுக்குக் கட்டிலும் முதல்தரம் அல்ல, அந்த வழிகாட்டியே அதைத் தவிர்ப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாமல் போட்டால், கீழ்க்கட்டிலுக்கும் மேல்கட்டிலுக்கும் நடுவே குறைந்தது 70 சென்டிமீட்டர் விட வேண்டும். கீழே உட்காருகிறவர் தலை இடிக்காமல் இருக்க இன்னும் கொஞ்சம் தாராளமாக விட்டால் நல்லது. கட்டிலுக்கு அடியில் பூட்டுள்ள பெட்டி. தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கும் ஒரு பிளக் பாயிண்டும். இந்தப் பிளக் பாயிண்ட் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ராஞ்சியில் இருக்கும் அம்மாவின் முகத்தை அந்தப் பையன் பார்ப்பது அதன் தயவில்தான். சுவரில் மடக்கி வைக்கும் பலகை ஒன்று போதும், தனி மேசை வேண்டாம். எதிரெதிராக இரண்டு ஜன்னல் வைக்க முடியாவிட்டால் அடுத்தடுத்த இரண்டு சுவர்களிலாவது வையுங்கள். கேஸ் சிலிண்டர் படுக்கும் அறைக்குள் வேண்டவே வேண்டாம். இரண்டு அறைக்கு ஒரு சமையலறை என்று வெளியே கட்டிவிட்டால் இடமும் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.

புதிதாகச் சுவர் எழுப்புகிறவர்கள் லாரி பேக்கரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். இங்கிலாந்திலிருந்து வந்து கேரளத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள லொயோலா சிற்றாலயம் அவர் கட்டியது. செங்கலைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரப்பினார். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவில் காற்று நிற்பதால் வெயில் சுலபமாக உள்ளே இறங்காது. பழைய கட்டடம் வைத்திருப்பவர்கள் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். சித்திரை மாதத்தில் அதன் அருமை தெரியும்.

கட்டடக் கணக்கை மறையுரையில் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புது வீடு கட்டுகிறவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுகிறவரின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று இருக்கிறது. 24-ஆம் அதிகாரத்தில், ஏழையிடம் அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, அவன் அதைப் போர்த்தித் தூங்க வேண்டும் என்ற கட்டளை. கைப்பிடிச் சுவரையும் போர்வையையும் பற்றிப் பேசுகிற கடவுள், ஜன்னலையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்கமாட்டார் என்று நாம் எப்படி நம்பலாம்?

பெத்லகேமைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இடமில்லை என்று லூக்கா எழுதும்போது பயன்படுத்தும் கிரேக்கச் சொல் கத்தாலுமா. நல்ல சமாரியர் அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்கு அதே லூக்கா பயன்படுத்துவது வேறு சொல். கத்தாலுமா என்ற சொல் மறுபடியும் வருவது, ஆண்டவர் கடைசி இரவுணவுக்காகக் கேட்ட அறைக்கு. ஆகவே அது வீட்டின் விருந்தினர் அறை என்று மறைநூல் அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் பெத்லகேமில் கதவைச் சாத்திய கல்நெஞ்சக்காரச் சத்திரக்காரர் யாரும் இல்லை. நம் கிறிஸ்துமஸ் நாடகங்களில்தான் அவர் இருக்கிறார். ஏற்கெனவே நெரிசலான ஒரு வீட்டில், யாரோ ஒரு குடும்பத்தினர் தீவனத் தொட்டி இருந்த பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கலாம். இடம் சிறியதுதான். ஆனால் பிள்ளை பெறுவதற்கு ஓர் ஒதுக்கிடம் கிடைத்தது.

நம் பிள்ளைகளும் வெளியூரில் கூட்டாகத் தங்குகிறவர்கள்தான். 2020-இல் சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியபோது நம் மாவட்டங்களின் தாய்மார் எத்தனை பேர் இரவெல்லாம் செபமாலை சொன்னார்கள்! அவ்வாண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தொற்று கண்டிருந்தது. அந்த அரசு பாடம் கற்றுக்கொண்டது. புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் வேண்டும் என்று 2021-இல் விதி வகுத்தது. நம் பிள்ளைக்கு அங்கே அந்த இடம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சி. இங்கே வந்திருக்கும் பிள்ளைக்கும் ஊரில் ஒரு தாய் இருக்கிறார்.

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் உண்டு. பாலக்காட்டுக்கு அருகே கஞ்சிக்கோட்டில் கேரள அரசு 2019-இல் ‘அப்னா கர்’ என்ற விடுதியைத் திறந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட வெளி மாநிலத் தொழிலாளர்கள் அதில் தங்கலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அறைக்கு ஆறு பேராக 18,720 பெண் தொழிலாளர்களுக்கு அங்கே இடமுண்டு. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே, அழைத்து வருகிற ஒப்பந்தக்காரர் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்று சொன்னது. சட்டம் சொன்னதற்கும் லைன் வீட்டில் நாம் கண்டதற்கும் நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பெரிய நிறுவனங்களும் அரசும் செய்யட்டும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. எங்கள் பங்கில் கோயிலுக்குப் பின்னால் பழைய போர்டிங் கட்டடம் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. நாற்பதுக்கு இருபத்தெட்டு அடிக் கூடம், சுற்றிலும் வராந்தா. குறுக்கும் நெடுக்குமாகச் சுவர் எழுப்பினால் நான்கு அறை. நான்குக்கும் இரண்டு பக்கம் வெளிச்சுவர் கிடைக்கும், ஆகவே காற்றுக்குக் குறைவில்லை. அறைக்கு ஆறு பேராக 24 பேர். நான்கு கழிப்பறை, இரண்டு சமையலறை. ஆறு லட்சம் ரூபாய் ஆகும் என்றார் பொறியாளர். ஆளுக்கு மாதம் ஆயிரம் வாங்கி, மின்சாரத்துக்கும் துப்புரவுக்கும் ஒன்பதாயிரம் போனால், நாற்பது மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

பங்குப் பேரவையில் இதற்கு எதிர்ப்பு வந்தது. மூன்று கூட்டம் நடந்தது. திருமண மண்டபம் ஆக்கினால் வருமானம் அதிகம் என்றார்கள் சிலர். கோயில் வளாகத்தில் வடக்கத்திக்காரர்களை வைத்தால் மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்னாகும் என்று கேட்டார் ஒரு தாய். அந்தப் பயத்தை நாம் ஏளனம் செய்யக் கூடாது. பின்பக்கம் தனி வாசல் வைக்கிறோம், வளாகத்துக்கு நடுவே சுவர் வருகிறது, தங்குபவர்களின் பெயரும் ஊரும் கம்பெனியும் பதிவேட்டில் இருக்கும். ஒன்று மட்டும் அங்கே சொன்னோம். பெயர் தெரியாமல் லைன் வீட்டுக்கு எட்டுப் பேராக அடைபட்டுக் கிடப்பவர்களைவிட, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த 24 பேர் நமக்கு அதிக ஆபத்தாகிவிட மாட்டார்கள். வாக்கெடுப்பில் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் திட்டம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த பெரியவர் ஒருவர் மறுவாரமே தம் லைன் வீட்டில் இரண்டு அறைகளுக்கு ஜன்னல் உடைத்துவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குறுக்குச் சுவர் இப்போது இடுப்பளவு எழும்பியிருக்கிறது. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கடைசித் தூண் ஓரம் நிற்கும் தம்பிகளை அங்கே அழைத்துப் போய், வேறென்ன வேண்டும் என்று கேட்டோம். டிவி கேட்பார்கள் என்று நினைத்திருந்தோம். ஊரிலிருந்து கொண்டுவரும் அரிசி மூட்டையை எலி தொடாமல் வைக்க ஓர் இடமும், மழைக்காலத்தில் துணி காயப்போட வராந்தாவில் நான்கு கொடியும் கேட்டார்கள். பொறியாளர் வரைபடத்தில் அவற்றைக் குறித்துக்கொண்டார்.